நிலவறைத் தராசில் ஏறிய ஆசாமி

அந்தத் தெருவில் அரைகிராம் வீடு எது என்று கேட்டால் யாரும் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்ன என்று கேட்டால்தான் தலையைச் சொறிவார்கள். தொழில், தராசு பழுதுபார்ப்பது. வயது ஐம்பத்திரண்டு. எடை அறுபத்தெட்டு கிலோ நானூற்றுப் பத்து கிராம், வெறும் வயிற்றில், செருப்பில்லாமல். இந்தக் கடைசித் தகவலை நாம் தேடி அலைய வேண்டியதில்லை. "என்னண்ணே, எப்படி இருக்கீங்க?" என்று யாராவது கேட்டால் அவர் சொல்லும் பதிலே அதுதான்.

பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகிறவர்கள் கன்னத்தைத் தொடுவார்கள், மூக்கு யாருடையது என்று விவாதிப்பார்கள். இவர் குழந்தையை இரண்டு கையிலும் ஏந்தி, ஒரு தடவை லேசாக ஏற்றி இறக்கி, "மூணு நூத்தி இருபது" என்பார். இருபத்து நான்கு வருடத்துக்கு முன் இப்படித்தான் ஒரு சொந்தக்காரர் குழந்தைக்கு எடை சொன்னார். பிரசவ வார்டு அட்டையிலோ மூணு நூறு என்று இருந்தது. அடுத்த நாள் காலை எடைக்கற்கள் அடங்கிய பெட்டியோடு வார்டு வாசலில் போய் நின்றார். அங்கிருந்த இளம் நர்ஸ் இருபது நிமிடம் அவரோடு சண்டை போட்டாள். கடைசியில் கற்களை வைத்துப் பார்த்தபோது வார்டுத் தராசு இருபது கிராம் குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட ஒருவனை வெளியில் நடமாட விடுவது ஆபத்து என்று கருதித்தான் அந்த நர்ஸ் அவரைக் கல்யாணம் செய்துகொண்டதாக இரு தரப்பு உறவினரும் இன்றுவரை சொல்லுகிறார்கள். அவளுக்கு இப்போது அதே வார்டில் தலைமை நர்ஸ் பதவி.

வீடு முதல் மாடியில். கீழே தெருவைப் பார்த்து ஒரு பழக்கடை. அதற்கும் கீழே நிலவறை. நிலவறையில் பாதி அரைகிராமின் பட்டறை, மீதிப் பாதி பழக்கடைக்காரர் பப்பாளியும் வாழையும் பழுக்கவைக்கும் இடம். இரண்டு பாதிக்கும் நடுவே சுண்ணாம்புக் கோடு ஒன்று உண்டு. அதைத் தாண்டிப் பழ ஈ வரக்கூடாது என்பது அரைகிராமின் விதி. ஈக்கள் இதுவரை அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

சம்பவம் ஆரம்பித்தது ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு. அரைகிராம் தேநீர் டம்ளரோடு படியிறங்கி, பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டார். கூரையை ஒட்டிய காற்றுத் துவாரத்துக்குக் கீழே, பழம் அடுக்கும் மரத்தட்டுகளை ஒட்டி, ஒரு பெரிய மேடைத் தராசு தரையில் இருக்கும். பட்டறையிலேயே உசத்தியானது அதுதான். எடை அசையாமல் நின்றால் நேரத்தோடு தானே சீட்டு அடித்துத் தள்ளிவிடும். தராசின் உள்சூடு ஆறக்கூடாது என்று இரவும் பகலும் மின்சாரத்திலேயே வைத்திருப்பார். அன்று அதன் வாயில் இரண்டு சீட்டுகள் நாக்கு போலத் தொங்கிக்கொண்டிருந்தன.

2.11 மணி. 3.215 கிலோ.

2.54 மணி. 3.430 கிலோ.

பூட்டிய அறைக்குள் நடு இரவில் இரண்டு முறை எடை போடப்பட்டிருந்தால், நீங்களும் நானும் திருடன் என்று கத்தியிருப்போம். அரைகிராம் அந்த மாதிரி அற்ப சிந்தனைக்கு இடம் கொடுக்கவில்லை. "எது இந்த மூணு இருநூத்திப் பதினஞ்சு?" என்றுதான் யோசித்தார்.

கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பழக்கடைக்காரரின் குரல் வந்தது.

"அண்ணே! எவனோ என் பப்பாளியைக் கடிச்சிட்டுப் போயிருக்கான். பல்லு பதிஞ்சிருக்கு!"

"எவ்வளவு?"

"எவ்வளவுன்னா? கடிச்சிருக்குண்ணே!"

"அதான்யா, எவ்வளவு கடிச்சிருக்கு?"

"உங்ககிட்ட வந்து சொன்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

பழக்கடைக்காரருக்கு எதிலும் ஒரு கருத்து உடனே கைவசம் இருக்கும். அன்று காலை மட்டும் குரங்கு, பெருச்சாளி, எதிர்க்கடைக்காரன் என்று மூன்று கருத்துகள் வெளியிட்டார். காற்றுத் துவாரத்தின் கம்பிவலை ஒரு மூலையில் பிய்ந்திருந்தது தெரிந்ததும் எதிர்க்கடைக்காரனை மட்டும் விடுவித்தார், அவன் வயிறு அதில் நுழையாது என்ற காரணத்தால்.

அரைகிராம் நிதானமாக ஒரு தாளை எடுத்தார். எலி கால் கிலோ. பெருச்சாளி ஒரு கிலோவைச் சுற்றி. கீரி ஒன்றரை. பூனை மூன்று முதல் நான்கு. குரங்கு ஆறுக்கு மேல். அடிக்கோடு இட்டு, பேனாவை மூடி, தீர்ப்பு சொன்னார்.

"கடுவன் பூனை. முழுசா வளர்ந்தது. நல்ல உடம்பு."

"பூனை பப்பாளி தின்னுமாண்ணே?"

"இது தின்னிருக்கே."

"அது பூனைன்னு நீங்கதானே சொல்றீங்க?"

"நான் எங்க சொன்னேன்? தராசு சொல்லுது."

மூன்றாம் நாள் அவர் ஒரு சோதனையும் நடத்தினார். மாலையில் ஒரு பப்பாளியை எடைபோட்டு வைத்தார்: 1.140. காலையில் மிச்சம் 0.915. குறைவு 225 கிராம். சீட்டுகளைப் பார்த்தார். ஆசாமி வந்தபோது 3.250, போனபோது 3.470. உள்ளே போனது 220. மீதி ஐந்து கிராம் எங்கே? அரைகிராம் கைவிளக்கோடு மண்டியிட்டுத் தரையைத் துழாவி, தட்டுக்கு அடியில் சிந்திக்கிடந்த பப்பாளித் துணுக்குகளைக் கரண்டியால் வழித்து எடுத்துச் சின்னத் தராசில் வைத்தார். ஐந்து கிராம். அந்த நிமிடம் அவர் முகத்தில் இருந்த ஆனந்தத்தைப் பழக்கடைக்காரர் பிறகு பலரிடம் விவரித்திருக்கிறார். "என் பழம் போச்சேன்னு நான் நிக்கறேன். அண்ணன் கண்ணுல தண்ணி. சந்தோஷத்துல!"

மற்ற தடயங்கள் கிடைக்காமல் இல்லை. மரத்தட்டின் ஓரத்தில் பழவிதையாகவே நிறைந்த எச்சம் கிடந்தது. அடுப்பே இல்லாத நிலவறையில் சோறு கொதிக்கிற மாதிரி ஒரு வாசனை சுற்றிக்கொண்டிருந்தது. வாசனைக்கு அரைகிராம் அறிந்த அலகு ஏதும் இல்லாததால் அது பதிவாகவில்லை. சுண்ணாம்புக் கோட்டில் ஒரு காலடி பதிந்திருந்தது. பழக்கடைக்காரர் குனிந்து எண்ணினார்.

"அண்ணே, அஞ்சு விரல் இருக்கு. பூனைக்கு நாலுதானே பதியும்?"

"ஒரு விரல்தானே? அது பிழை வரம்புக்குள்ள வந்துடும்."

அரை கிராமுக்கு ஊரைக் கூட்டுகிற மனிதர் ஒரு முழு விரலை இப்படித் தள்ளுபடி செய்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாவது திங்கட்கிழமை காலை சீட்டில் 3.335 என்று இருந்தது. அது வந்தபோது எடுத்த எடை, போனபோது எடுத்ததல்ல. அரைகிராம் பழைய சீட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு இரவும் பத்து, பதினைந்து, இருபது கிராம் என்று ஏறிக்கொண்டே வந்திருந்தது. டம்ளரில் இருந்த தேநீர் ஆறிப்போனது.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் "பயல் நம்ம பப்பாளியைத் தின்னு கொழுக்கறான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். பழக்கடைக்காரர் அப்படியே சொல்லவும் செய்தார். ஆனால் முப்பது வருடமாக எடைக்கல்லோடு வாழ்ந்தவருக்கு உலகம் இரண்டே வகை. தட்டில் வைக்கப்படும் பொருள் மாறாது. மாறினால் அது தராசின் குற்றம். வளர்ந்த கடுவன் பூனை என்பது அவரைப் பொறுத்தவரை மூன்று கிலோ சொச்சத்துக்கு ஒரு எடைக்கல், ரோமம் முளைத்தது, அவ்வளவே.

பகலில் கற்களை வைத்துச் சோதித்தார். ஒரு கிலோ ஒரு கிலோவாகவே காட்டியது. ஐந்து கிலோ ஐந்தாகவே காட்டியது. ஒரு இரவு அலாரம் வைத்து எழுந்துபோயும் பார்த்தார். பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றது. அப்படியானால் என்ன அர்த்தம்? தின்ற பப்பாளியின் எடை சரியாக வருகிறது, மொத்த எடை மட்டும் ஏறுகிறது. தொழில் தெரிந்தவர்களுக்கு இது பச்சையாகத் தெரிகிற வியாதி. இரவில், யாரும் இல்லாதபோது, ஈரக் காற்றில், தராசின் பூஜ்யம் நகர்கிறது. விடிந்ததும் நல்ல பிள்ளையாகப் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது.

இதைக் கண்டுபிடித்த அன்று அவர் மதியம் சாப்பிடவில்லை.

ஏனென்றால் அந்த வருடம் மட்டும் அவர் கை பட்டு, அரசு முத்திரைக்குப் போன தராசுகள் இருநூற்றுப் பன்னிரண்டு. எல்லாவற்றிலும் இதே உணர்கருவி. அவற்றில் அறுபத்தொன்று மீன் சந்தையிலும் பால் நிலையங்களிலும் விடியற்காலை இருட்டில் வேலை செய்பவை. இருபது கிராம் என்றால் ஒரு சின்ன மீன். விடியற்காலையில் குளிரில் வரிசையில் நின்று வாங்கிப்போன யாரோ ஒருத்தி வீட்டுத் தட்டில், அரைகிராமை நம்பியதால், ஒரு சின்ன மீன் குறைந்திருக்கிறது. இந்த ஒற்றை மீன் அவரைத் தூங்கவிடவில்லை. "அரைகிராம் பார்த்த தராசு" என்றால் சந்தையில் அதற்கு மேல் பேச்சில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் இத்தனை வருடம் குனிந்தே உட்கார்ந்து முதுகு வளைந்துபோயிருந்தார்.

மனைவியிடம் சொல்லவில்லை. வார்டில் ஆள் பற்றாக்குறை, அவளுக்கு இரட்டைப் பணி. அதோடு, தராசு விஷயத்தில் அவளிடம் அவர் இதுவரை ஒரே ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. சீட்டுகளைத் தேதிவாரியாக ஒரு அட்டையில் ஒட்டி, பட்டறைச் சுவரில் ஆணியடித்து, மேலே ஒரு பழைய நாட்காட்டியைத் தொங்கவிட்டு மறைத்தார். பிறகு உட்கார்ந்து எடையளவு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதம் நான்கே வரி. இவ்வருடம் தன் கையால் பழுதுபார்க்கப்பட்ட இருநூற்றுப் பன்னிரண்டு தராசுகளையும் திரும்பப்பெற்றுச் சோதிக்க வேண்டும் என்றும், தன் உரிமத்தை இத்துடன் ஒப்படைப்பதாகவும், இதற்கு வேறு யாரும் பொறுப்பல்ல என்றும், குறிப்பாகப் பூனை பொறுப்பல்ல என்றும் அதில் இருந்தது.

ஆண்டு ஆய்வுக்கு முத்திரை ஆய்வாளர் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை வருவதாகத் தகவல். அவர் கையிலேயே கொடுத்துவிடுவது என்று முடிவு.

அந்த வாரப் புதன் இரவுக்கான சீட்டு நிலைமையை இன்னும் மோசமாக்கியது. ஆசாமி உள்ளே வந்தபோது 3.585. வெளியே போனதற்குச் சீட்டே இல்லை. வியாழன் இரவுக்கு எந்தச் சீட்டும் இல்லை.

"பிரின்டரும் போச்சு" என்றார் அரைகிராம், சுவரைப் பார்த்து.

"அண்ணே, நேத்து ராத்திரியும் பப்பாளி குறைஞ்சிருக்கு" என்றார் பழக்கடைக்காரர்.

"பார்த்தியா? ஏறியிருக்கு, இறங்கியிருக்கு, எதுவுமே பதியல."

"ஏறவே இல்லன்னா?"

"ஏறாம எப்படிய்யா உள்ள வரும்?"

"உள்ள வரவே இல்லன்னா? உள்ளயே இருந்திருந்தா?"

அரைகிராம் அவரை ஒரு பார்வை பார்த்தார். தொழில் தெரியாதவனிடம் பேசி என்ன பயன் என்று அதற்குப் பொருள். தராசுப் பக்கம் போய்க் குனிந்து உட்கார்ந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஆய்வாளர் வந்து சேர்ந்தார். வேலைக்குச் சேர்ந்த அன்று தன் சான்றிதழ்களோடு சேர்த்துச் சிரிப்பையும் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டார் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. வெல்வெட் பெட்டியிலிருந்து கற்களை இடுக்கியால் எடுத்து, மேடைத் தராசின் நான்கு மூலையிலும் நடுவிலும் வைத்துப் பார்த்தார். எழுதினார். மறுபடி வைத்தார். மறுபடி எழுதினார்.

"எல்லாம் சரியா இருக்கு."

"இல்ல சார்" என்றார் அரைகிராம்.

ஆய்வாளரின் முப்பது வருடப் பணியில் இந்தப் பதிலை அவர் கேட்டதில்லை. அவர் தப்பு என்பார், எதிராளி சரி என்பான். அதுதான் முறை. பேனாவைக் கீழே வைத்தார். அரைகிராம் கடிதத்தை நீட்டி, நாட்காட்டியை விலக்கி அட்டையைக் காட்டி, பூனை, பப்பாளி, ஈரக்காற்று, நகரும் பூஜ்யம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். ஆய்வாளர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"யோசிச்சுக்கோங்க. நான் நம்பர் போட்டு வாங்கிட்டேன்னா திரும்பத் தர முடியாது. இருநூத்திப் பன்னெண்டு கடைக்கும் நோட்டீஸ் போகும். உங்க பேரோட போகும்."

"போகட்டும் சார். சந்தேகத்தை வச்சுக்கிட்டு என்னால வேலை செய்ய முடியாது."

ஆய்வாளர் பையிலிருந்து ரப்பர் முத்திரையையும் மைப்பெட்டியையும் எடுத்து வைத்தார். மூடியைத் திறந்தார். அப்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வேலை முடிந்து நர்ஸ் சீருடையோடு மனைவி இறங்கி வந்துகொண்டிருந்தாள். பின்னால் பழக்கடைக்காரர். அவர்தான் போய் விஷயத்தை உடைத்து அழைத்து வந்தவர் என்பது அவர் முகத்தில் ஒட்டியிருந்த அப்பாவித்தனத்திலேயே தெரிந்தது.

"என்னங்க இது? உரிமத்தைத் திருப்பிக் குடுக்கறீங்களாமே? ஒரே வீட்டுலதானே நானும் இருக்கேன், எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"நீ டபுள் டியூட்டி..."

"டபுள் டியூட்டின்னா காது வேலை செய்யாதா?" என்றவள் சுவரில் இருந்த அட்டையைப் பார்த்துவிட்டாள். தோள்பையை இறக்கி வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் சீட்டிலிருந்து கடைசிச் சீட்டுவரை விரலை ஓட்டினாள். தினமும் காலையில் வார்டில் கட்டிலுக்குக் கட்டில் அவள் செய்கிற காரியம்தான் அது.

"யாரோட கார்டு இது?"

"கார்டு இல்லம்மா. தராசோட பிழைப் பட்டியல்."

"வாரத்துக்கு இவ்வளவு ஏறுது, கொஞ்சம்கூட சறுக்கல் இல்ல, நல்லாச் சாப்பிடறா. இது எத்தனையாவது பிரசவம்?"

மூன்று ஆண்களும் அட்டைப் பக்கம் தலையை நீட்டினார்கள்.

"அது கடுவன் பூனை" என்றார் அரைகிராம்.

"கடுவனா? உங்க கடுவனுக்கு மாசம் ஏறிக்கிட்டே போகுது, பாத்தீங்களா இல்லையா?"

"பூஜ்யம் நகருது..."

"ஒரு பூஜ்யமும் நகரல. எடை ஏறினா உங்களுக்குத் தராசு கெட்டுப்போச்சு. எங்க வார்டுல எடை ஏறினா உள்ள புள்ள வளருது. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றவள் ஆய்வாளர் பக்கம் திரும்பினாள். "சார், உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன? எங்க பொண்ணு என் வயித்துல இருந்தப்ப இந்த மனுஷன் வீட்டுத் தராசை மூணு தடவை பிரிச்சுப் போட்டாரு. நான் ஏறும்போதெல்லாம் கூடக் காட்டுதாம்!"

ஆய்வாளர் மைப்பெட்டியின் மூடியைப் பாதி மூடினார்.

"கடைசிச் சீட்டு எங்க?" என்றாள் அவள். "புதன்கிழமை வந்ததுக்கு இருக்கு. போனதுக்கு?"

"பிரின்டர் வேலை செய்யல."

"பிரின்டர் நல்லா வேலை செய்யுது. அவதான் போகல. புதன்கிழமை வலி எடுத்து உள்ள வந்தவ இன்னும் இங்கதான் எங்கயோ இருக்கா."

"நான் சொன்னேன் அண்ணி!" என்று துள்ளினார் பழக்கடைக்காரர். "உள்ளயே இருந்தான்னா, பழம் குறையும், சீட்டு வராதுன்னு சொன்னேன். யாரு கேட்டா?"

ஆய்வாளர் தொண்டையைச் செருமினார். "அம்மா, நீங்க சொல்றது கேக்க நல்லா இருக்கு. ஆனா எழுத்து மூலமா ஒரு புகார் என் கையில இருக்கு. உங்க பக்கம் ஆதாரம் வேணும்."

"வயித்துல இருந்தது வெளிய வந்தா எடை குறையும் சார். இதுக்கு அரசாணையா வேணும்? இப்ப அது வெளிய போகும்போது இந்தத் தராசுல ஏறித்தானே ஆகணும்? அரைக் கிலோ குறைஞ்சிருக்கும், பாருங்க."

"அரைக் கிலோன்னா ஐநூறா, நானூத்தி எண்பதா?" என்றார் அரைகிராம். உரிமமே போகப்போகிற நேரத்திலும் மனிதருக்கு அது முக்கியமாகப்பட்டது.

"நீங்க கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு படியில போய் உக்காருங்க."

விளக்கை அணைத்தார்கள். கீழ்ப்படியில் மூன்று ஆண்களும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு படி மேலே நர்ஸ். ஆய்வாளர் மடியில் கடிதம், கடிதத்தின் மேல் ரப்பர் முத்திரை. துவாரத்தின் வழியாக வந்த மாலை வெளிச்சம் தராசு மேடையின் மேல் மட்டும் சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஐந்து ஐம்பது ஆயிற்று. ஆறு ஆயிற்று. பழக்கடைக்காரர் தும்மல் ஒன்றைத் தியாகம் செய்தார். அரைகிராம் தன் நாடித்துடிப்பை எண்ண ஆரம்பித்து, அது ஏறிக்கொண்டே போனதால் பாதியில் விட்டுவிட்டார்.

ஆறு இருபத்தைந்துக்கு, தராசுகள் வந்த பழைய மரப்பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து வைக்கோல் சரசரத்தது. சோறு கொதிக்கிற வாசனை குப்பென்று எழுந்தது. ஒரு கூரிய மூக்கு, அதற்குப் பின்னால் கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி கட்டிய ஒரு முகம், நீண்ட சாம்பல் உடம்பு, உடம்பளவுக்கு ஒரு வால். களைத்துப்போன நடையில் வந்தது. வயிறு தளர்ந்து தொங்கியது. தராசு மேடையில் ஏறி, துவாரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, ஒரு பெண் வாசலில் நின்று அடுப்பை அணைத்தோமா என்று யோசிக்கிற மாதிரி, அசையாமல் இரண்டு விநாடி நின்றது.

கிர்ர்ர் என்று சீட்டு வந்தது.

அந்தச் சத்தம் அதற்குப் பழகிப்போயிருந்தது போலும், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மரத்தட்டில் ஏறி, துவாரத்தில் நுழைந்தது; வால் கடைசியாக மறைந்தது.

யார் முதலில் எழுந்தது என்பதில் பிற்பாடு கருத்து வேறுபாடு ஏற்பட்டது. சீட்டு மட்டும் ஆய்வாளர் கையில் இருந்தது. வெளிச்சத்துக்குக் காட்டிப் படித்தார்.

"மூணு பூஜ்யம் எழுபத்தஞ்சு."

"ஐநூத்திப் பத்து குறைஞ்சிருக்கு" என்றார் அரைகிராம். பிறகு மனைவியிடம் திரும்பி மெல்லிய குரலில், "நீ சொன்னதுல பத்து கிராம் வித்தியாசம்" என்றார். அவள் கிள்ளிய இடத்தில் இரண்டு நாள் தடிப்பு இருந்தது.

"மரநாய்" என்றார் ஆய்வாளர், யாரும் கேட்காமலே. "பூனை இல்ல. அஞ்சு விரல், சோத்து வாசனை, பழம்தான் சாப்பாடு. எங்க ஆபீஸ் பரண்ல ரெண்டு இருக்கு. பழைய ஃபைல் மேலதான் குடும்பம் நடத்துது. அந்த ஃபைலை யாராவது திறக்கறாங்கன்னா அது அதுங்க மட்டும்தான்."

அவர் உட்கார்ந்து, கடிதத்தை நான்காக மடித்து, அரைகிராமின் சட்டைப்பையில் தானே சொருகினார். மைப்பெட்டியை மூடினார்.

"உங்க தராசு சரியாத்தான் இருக்கு. ஏறினவங்கதான் மாறியிருக்காங்க. எங்க ஃபாரத்துல அதுக்கு இடமே கிடையாது."

"அப்ப அந்த அறுபத்தொண்ணு? மீன் சந்தை?"

"எல்லாம் சரி. எல்லாருக்கும் முழு மீன்தான் போயிருக்கு. நிம்மதியா இருங்க."

அரைகிராம் தராசு மேடையின் மேலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். தராசு கடமை தவறாமல் ஒரு சீட்டு அடித்தது. அறுபத்தாறு கிலோ எண்ணூறு. இரண்டு வாரத்தில் கவலை தின்றது ஒன்றரைக் கிலோவுக்கு மேல். அந்தச் சீட்டைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக வந்து, பிறகு வயிற்றிலிருந்து வந்து, மேடை குலுங்கி, தராசு எந்த எடையில் நிற்பது என்று தெரியாமல் எண்களை வாரி இறைத்தது. அவர் சிரிப்பதைப் பார்த்துப் பழக்கடைக்காரர் சிரித்தார். ஆய்வாளர் கைக்குட்டையால் வாயை அவசரமாக மூடிக்கொண்டார். இருமல் என்று பிறகு விளக்கம் தந்தார்.

"இங்கயே நில்லுங்க. யாரும் உள்ள வரக்கூடாது" என்று மனைவி கைவிளக்கை வாங்கிக்கொண்டு பெட்டிகளுக்குப் பின்னால் போனாள்.

மூன்று ஆண்களும் சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். எந்த ஊரிலும் பிரசவ வார்டு வாசலில் ஆண்கள் நிற்கிற நிற்புதான். ஒருவர் சுவரில் சாய்ந்தார், ஒருவர் நகத்தைக் கடித்தார், ஒருவர் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நடந்தவர் ஆய்வாளர்.

அவள் முழங்காலில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிக்கொண்டே வெளியே வந்தாள். இருபத்தாறு வருடமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த அதே குரலில் அறிவித்தாள்:

"நாலு. எல்லாம் நல்லா இருக்குங்க. அம்மா இப்ப சாப்பாட்டுக்குப் போயிருக்கா, வந்துடுவா."

"ஆணா, பொண்ணா அண்ணி?"

"தூக்கிப் பாக்கல. மனுஷன் கை படக்கூடாது."

ஆய்வாளர் கை நீட்டினார். "வாழ்த்துகள்" என்றார் அரைகிராமைப் பார்த்து.

"ரொம்ப நன்றி சார்" என்று அரைகிராம் அந்தக் கையை இரண்டு கையாலும் பற்றிக் குலுக்கினார். அதில் ஏதும் பொருத்தமின்மை இருப்பதாக அங்கே யாருக்கும் தோன்றவில்லை. பழக்கடைக்காரருக்கும் கை கொடுத்தார்கள்.

பிறகு அரைகிராம், இனி அடக்க முடியாது என்கிற நிலையில், மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஒவ்வொண்ணும் எவ்வளவு இருக்கும்?"

"அதான் சொன்னேனே, தொடக்கூடாது. பார்வைக்கு ஒண்ணு சுமார் நூறு கிராம் இருக்கும்."

"சுமாரா?"

"சுமாருங்க. சுமார். சொன்னா ஒண்ணும் ஆகிடாது, சொல்லிப் பாருங்க."

அவர் அந்த வார்த்தையை வாய்க்குள்ளேயே ஒரு தடவை உருட்டிப் பார்த்தார். கெடுதல் ஏதும் தெரியவில்லை. பிறகு படியேறி, பழக்கடை வாசலில் நின்று, அன்றைக்குத் தெருவில் போன வந்த ஒவ்வொருவரையும் நிறுத்தி, அவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், இரண்டு உள்ளங்கையையும் குழித்துக் காட்டி, "நாலு குட்டி. ஒண்ணொண்ணும் சுமார் நூறு கிராம்!" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.